லக்ஸம்பர்க் மல்லி

சித்திரை வெயில் மொட்டைமாடியைக் காய்ச்சிக்கொண்டிருக்க, சுதாகர் கழுத்து வரைக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாடி அறையில் உட்கார்ந்திருந்தான். ஜுரமெல்லாம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் லக்ஸம்பர்க்கில் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

"ஏங்க, அந்தத் தறிய நிறுத்துங்க! லக்ஸம்பர்க்ல தறி சத்தம் கேக்குமா?" என்று அம்மா புஷ்பலதா மாடிப்படியில் நின்று கத்தினாள்.

"ஆரணிப் பட்டு போவாத ஊரு இருக்குதா? தறியும் போயிருக்கும்னு சொல்லு," என்றார் கீழிருந்து அப்பா சடையப்பன். இருந்தாலும் தறி நின்றது.

புஷ்பலதா மகனுக்குப் பின்னால் வெள்ளைப் பட்டுத் துணியை இழுத்துக் கட்டினாள். "டேய், எழுந்து கிழுந்து நிக்காத. லுங்கி தெரிஞ்சா மானம் போயிடும்."

சுதாகருக்கு வேலை இல்லாமல் இல்லை. ஐரோப்பிய நாடுகளின் விலைவாசியை ஒரே இடத்தில் எடுத்துத் தருகிற டூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தான். நாட்டுப் பேரைத் தட்டினால் போதும், போன வருஷத்தைவிட ரொட்டி எவ்வளவு ஏறியது, வெண்ணெய் எவ்வளவு இறங்கியது என்று கொட்டிவிடும்.

கை நிறையச் சம்பளம்தான். ஆனால் லுங்கியோடு வீட்டில் உட்கார்ந்து சம்பாதிப்பதை நம் ஜனங்கள் சம்பாத்தியத்தில் சேர்ப்பதில்லையே! "பையன் வீட்ல தான் குந்திகினு கீறானாமே" என்று ரெண்டு சம்பந்தம் கை நழுவிப் போனது. இந்த முறை தரகர் லோகநாதன், "பையன் ஐரோப்பாவிலயே கீறாரு" என்று ஒரு போடு போட்டுவிட்டார்.

பெண் சரண்யா, சேத்துப்பட்டுக்காரி. அவளுக்கு அயர்லாந்தில் வேலையாம். அதுதான் சுதாகருக்கு இடித்தது. நிஜமாகவே அந்தப் பக்கம் இருக்கிறவள் ரெண்டே கேள்வியில் பிடித்துவிட மாட்டாளா? போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவளை விடவும் மனசில்லை, பாவம்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் செய்தி மின்னியது. அந்த ஆபீஸில் எல்லாரும் அவரவர் வீட்டில். யாரும் யாரையும் பார்த்ததில்லை. பேர்கூடக் கிடையாது, நம்பர்தான்.

'டெவலப்பர் ஏழு, லக்ஸம்பர்க் பட்டியலில் மல்லிப்பூ இன்னும் இருக்கிறது. எடுக்கவும். டெஸ்டர் மூன்று.'

டூலைச் சோதித்துப் பார்க்க ஒருநாள், "அம்மா, இந்த மாசம் எது ரொம்ப ஏறிச்சு?" என்று கேட்டிருந்தான். "மல்லிப்பூதான்டா. முகூர்த்த மாசம், முழம் இருபது வித்தது நாப்பது" என்றாள் புஷ்பலதா. அதையே லக்ஸம்பர்க்கில் தட்டி வைத்தவன், அழிக்க மறந்துவிட்டான். தப்புக் கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட டெஸ்டர் மூன்றுக்குத் தினமும் காலையில் இதே பாட்டு. அப்புறம் பார்த்துக்கலாம் என்று செய்தியை ஓரமாகத் தள்ளினான்.

வீடியோ அழைப்பு வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் பெண்ணின் அப்பா சின்னதுரை, சேத்துப்பட்டிலிருந்து. இன்னொரு கட்டத்தில் சரண்யா, கம்பளிச் சால்வையோடு. நெற்றி மினுமினுத்தது. சின்னதுரை பக்கம் குக்கர் விசிலடித்தது. சரண்யா பக்கமும் மெல்லக் கேட்டது. நெட் எதிரொலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டான்.

"தம்பி, உங்க ஊர்ல விலைவாசிலாம் எப்டி?" என்றார் சின்னதுரை.

சுதாகருக்கு உயிர் வந்தது. இதுதானே நமக்குச் சோறு போடுகிறது! டூலைத் திறந்து லக்ஸம்பர்க்கைத் தட்டி, மளமளவென்று படித்தான்.

"ரொட்டி ரெண்டு சதவீதம் ஏறிச்சுங்க. வெண்ணெய் மூணு. முட்டை நாலு. மல்லிப்பூ முழம் நூறு சத..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். கதவுக்குப் பின்னால் புஷ்பலதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மல்லிப்பூவா? முழத்துலயா?" சின்னதுரையின் புருவம் ஏறியது. "லக்ஸம்பர்க்ல யாரு தம்பி முழம் போட்டு விக்கிறது?"

ஸ்வெட்டருக்குள் வேர்வை வழிந்தது. இதுவும் போச்சு. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"இருக்குதுப்பா," என்றாள் சரண்யா. "லக்ஸம்பர்க் மல்லி. நானே தெனம் காலைல பாத்துகினு தானே இருக்கேன்."

"அப்டியா? நீ சொன்னா சரிதாம்மா." சின்னதுரை அவசர அவசரமாகத் தலையாட்டினார். "ஊரு ஊரா சுத்தனவங்க, உங்களுக்குத் தெரியாததா! ரெண்டு பேரும் பேசிகினு இருங்க." அவர் கட்டம் அணைந்தது.

சுதாகர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "ரொம்ப தேங்க்ஸுங்க. அயர்லாந்துலேர்ந்து லக்ஸம்பர்க்குக்கு அடிக்கடி போவீங்களா?"

சரண்யா சால்வையை உருவிப் போட்டாள். பக்கத்திலிருந்த பனையோலை விசிறியை எடுத்து நிதானமாக விசிறிக்கொண்டாள்.

"சேத்துப்பட்டுல கரண்ட் போறதுக்குள்ள அந்த மல்லிப்பூவ எடுத்துடுங்க, டெவலப்பர் ஏழு சார்!"