உடைந்த அப்பளம்

"எல்லாருக்கும் முழு அப்பளம், எனக்கு மட்டும் உடைஞ்சதா? நான் என்ன இளிச்சவாயனா?"

ஜவ்வாது மலை அருவியோரம், சுற்றுலாப் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்தான் வேணு. மூன்று பிள்ளைக்குத் தகப்பன்!

"உங்க பஸ்ஸே வேணாம். நடந்தே ஊர் போய்ச் சேருவேன்!"

துண்டை உதறித் தோளில் போட்டவன், காட்டுக்குள் போயே விட்டான்.

திருவண்ணாமலைப் பூக்கடைக்காரர் சங்கத் தலைவர் ஆதிமூலத்துக்கு ரத்தம் கொதித்தது. "ஒரு அப்பளத்துக்கா? கூப்பிடுங்கய்யா அவனை!"

ஒருத்தரும் அசையவில்லை. "போவட்டும்ணே கழுதை," என்றாள் கதம்பக்கடை ரேணுகாம்பாள்.

பஸ் கிளம்பியதும் ஆதிமூலத்துக்குக் கேட் ஞாபகம் வந்தது. காலையில் மரம் வெட்டும் கான்ட்ராக்டரின் கேட்டில், டிரைவர் நீங்கலாக நாற்பது தலை என்று நோட்டில் எழுதித்தான் மேலே விட்டார்கள். "ஏறின தலை இறங்கணும். ஜாஸ்தி கம்மி ஆவக்கூடாது" என்று மிரட்டல் வேறு. ஆதிமூலத்துக்கோ பொய் சொல்ல வராது. முழம் போட்டால்கூட இரண்டு விரல் சேர்த்து விடுகிற ஆள்.

எதற்கும் தன்னையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார். நாற்பது!

பின்னாலிருந்து எண்ணினார். நாற்பது. தூறலுக்கு முக்காடு போட்டிருந்த தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"தொடாதீங்கண்ணே, பூ நசுங்குது!"

"ஏம்மா, வேணு போனானா இல்லையா?"

"போனாண்ணே."

"நாற்பதுல ஒண்ணு போனா?"

"முப்பத்தொம்பது."

"அப்ப இது?"

"பித்தம்ணே. எலுமிச்சம்பழம் மோந்து பாருங்க."

எண்ணி எண்ணி, தனக்கே இரண்டு தலை முளைத்துவிட்டதோ என்று கழுத்தைத் தடவிக்கொண்டார் ஆதிமூலம்.

கேட் வந்தது. தடியோடு ஏறினான் காவல்காரன். "கூப்புக் காட்டுல மரம் வெட்டற பொம்பளை ஒருத்தி கம்பி நீட்டிட்டா. யாரும் அசையக்கூடாது."

எண்ணினான். நோட்டைப் பார்த்தான். "நாற்பது. சரி."

"ஐயா, அதுல ஒரு சந்தேகம்..." ஆதிமூலம் வாயைத் திறந்தார். திறந்த வாயில் முழு அதிரசத்தைத் திணித்தாள் ரேணுகாம்பாள். "தலைவர் பசி தாங்கமாட்டாருங்க!"

கேட்டைத் தூக்கினார்கள்.

போளூரில், கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி இறங்கினாள். தலை கொள்ளாத கதம்பம். கணுக்காலில் சங்கிலித் தழும்பு. பஸ்ஸைப் பார்த்துக் கைகூப்பியவள் விறுவிறுவென்று நடந்து மறைந்தாள்.

ஆதிமூலம் அதிரசத்தை விழுங்கி முடிக்க வெகுநேரம் ஆனது. "என்கிட்ட மட்டும் ஏன் சொல்லலை?"

"உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடுமேண்ணே."

"அதுக்காக அந்த வேணுவைப் பிடிச்சுத் தள்ளிவிட்டீங்களே! நாற்பத்தஞ்சு மைலு நடக்கணுமே, பாவி!"

"யாரு தள்ளினாங்க? நான் இறங்கறேன், நான் இறங்கறேன்னு அத்தனை பேரும் அடிச்சிக்கிட்டோம். கடைசில சீட்டுக் குலுக்கிப் போட்டோம். வேணு ஜெயிச்சிட்டான்."