ஊதுபத்தி டெஸ்ட்

"குளிர் ஜுரம் வந்த மாதிரி வண்டி தூக்கித் தூக்கிப் போடுதுபா. நாளைக்குக் காலையில ஆற்காட்லேந்து இதுலதான் மாப்பிள்ளை இங்க வரணும்" என்றார் காஜா பாய்.

வேல்முருகன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். காஞ்சிபுரத்தில் இருபது வருடமாக ஒர்க் ஷாப் வைத்திருப்பவர்தான். ஆனால் பிஸ்டனே இல்லாத ரோட்டரி இன்ஜினை அவர் இதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறார். காஜா பாய் துபாயில் இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கி, கப்பலில் ஏற்றிச் சொந்த ஊரான ஆற்காட்டுக்கு அனுப்பி வைத்த ஜப்பான் கார் அது. அவரே ஊர் திரும்பி ஒரு வாரம்தான் ஆகிறது.

"கடைசியா என்ன வேலை பாத்தீங்க பாய்?"

"இன்ஜினுக்குக் காத்து போற இன்டேக்ல கேஸ்கெட் போயிடுச்சின்னு கழட்டி மாத்தினாங்க. அன்னியிலேந்து இந்தக் கூத்து. வேகமா போனா ஒண்ணுமில்ல. மெதுவா போனா உதறுது, நின்னுடுது. மாப்பிள்ளை ஊர்வலம் மெதுவாதானே போவணும்?"

"இதுக்கு எங்க டாக்டரம்மாதான் சரி. லீவுல இருக்குது. கூப்ட்டுப் பாக்கறேன்."

வேல்முருகன் தள்ளிப் போய் போனில் கெஞ்சினார். பத்து நிமிடத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, இரண்டு கையிலும் கறுப்பு ரப்பர் கையுறை. மூன்று வருடம் பந்தயக் கார் கூடத்தில் வேலை பார்த்தவள். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவதால் கடையில் அந்தப் பெயர் வந்துவிட்டது.

"டாக்டரம்மாதான். ஆபரேஷனுக்கு வந்த மாதிரி கையுறை வேற" என்றார் காஜா பாய்.

"கை கெட்டுடும் சார்" என்றாள்.

"அரை மணியில அனுப்பிடறேம்மா. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவாங்க" என்று வேல்முருகன் முணுமுணுத்தார்.

இன்ஜினை ஓடவிட்டாள். சத்தம் ஏறியது, இறங்கியது, இருமியது, நின்றது. பிளக்குகளைக் கழற்றத் தொடங்கினாள்.

"கல்யாணம் யாருக்கு சார்?"

"என் அக்கா மகன் அயாஸுக்கு. அப்பா இல்லாத புள்ள, மாமூ மாமூன்னு என்னையே சுத்தி வரும். அவனுக்குப் பத்து வயசு இருக்கறப்பவே சொன்னேன், உன் நிக்காஹ்வுக்கு என் கார்லதான் கூட்டிக்கினு போவேன்னு. வாடகைக் கார்ல போய் இறங்கினா என் மனசு தாங்காதும்மா."

அவள் இன்னும் குனிந்து இன்ஜினுக்குள் தலையை விட்டாள்.

"மாப்பிள்ளை எப்படி சார்?"

"தங்கம்."

"கோபப்படுவாரா?"

"பசிச்சா மட்டும்."

"குறட்டை?"

காஜா பாய் சுற்றுமுற்றும் பார்த்தார். "பொண்ணு வீட்ல சொல்லிடாதே. பக்கத்து வீட்டுக்காரங்களே வந்து கேட்டிருக்காங்க."

வேல்முருகனுக்கு என்னவோ அப்போது பலமாக இருமல் வந்தது.

"பொண்ணு எப்படி?"

"நான் எங்க பாத்தேன்? நிச்சயத்துக்கு லீவு கிடைக்கல. போட்டோ அனுப்பினாங்க, முழுக்க மேக்கப். நேர்ல வந்தா அடையாளம் தெரியாது. ஏதோ இன்ஜினீயராம். ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் தட்டிக்கினு இருக்கும். பஞ்சர்னா என்னன்னு கேக்கும்."

"பாவம் மாப்பிள்ளை" என்றாள் அவள்.

நாலு பிளக்கும் நன்றாகவே இருந்தன. பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று துணியால் ஒற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு வேல்முருகனிடம் கேட்டு, சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து ஓர் ஊதுபத்தியை வாங்கிப் பற்ற வைத்தாள்.

"வண்டிக்குப் பூஜையா?" என்றார் காஜா பாய்.

"டெஸ்ட் சார். ஸ்டார்ட் பண்ணுங்க."

இன்டேக்கைச் சுற்றி ஊதுபத்தியை மெல்ல நகர்த்தினாள். மேலே போய்க்கொண்டிருந்த புகை, பின்பக்க மூலைக்கு வந்ததும் சட்டென்று வளைந்து உள்ளே போனது.

"இங்கதான் சார். கேஸ்கெட் மாத்தினவங்க சின்ன ஹோஸ் ஒண்ணுக்குக் கிளிப் போடாம விட்டிருக்காங்க. அது நழுவிக்கினு வந்துடுச்சு. திருட்டுத்தனமா காத்து உள்ள போவுது, அதான் உதறுது."

இடுக்கான இடம். கையுறை விரல்களுக்குக் கிளிப் அகப்படவில்லை. இரண்டு முறை கீழே விழுந்தது.

"அதைக் கழட்டிட்டுப் போடும்மா. ரெண்டு நிமிஷ வேலை" என்று காஜா பாய் தவித்தார்.

"அது மட்டும் முடியாது சார்."

"நல்ல பிடிவாதம். உன்னைக் கட்டிக்கப்போறவன் என்ன பாடுபடப்போறானோ."

"பாக்கலாம் சார்."

கால் மணி நேரம் போராடிய பிறகு கிளிப் உட்கார்ந்தது. இன்ஜின் ஒரே சீராக முனகத் தொடங்கியது. வேல்முருகன் தன் டீ கிளாஸைக் காரின் மேல் வைத்துப் பார்த்தார். டீ அசையவில்லை. காஜா பாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"என் வாக்கைக் காப்பாத்திட்டேம்மா நீ. நாளைக்குப் பதினோரு மணிக்கு நிக்காஹ். அவசியம் வரணும். நீ வரலன்னா எனக்கு மனசே ஆறாது."

"நான் இல்லாம எப்படி நடக்கும், மாமூ?"

சார் எப்போது மாமூ ஆனார் என்று அவர் யோசிப்பதற்குள் அவள் கையுறைகளைக் கழற்றி நீட்டினாள். இரண்டு கையிலும் செக்கச்செவேலென்று மருதாணி. உள்ளங்கையில் பூக்களுக்கு நடுவே ஒளித்து எழுதியிருந்த பெயரைக் காஜா பாய் எழுத்துக் கூட்டிப் படித்தார்: அயாஸ்.