மூன்றாவது மூக்கு

“இந்த மாசத்துல இது மூணாவது மூக்காக்கும்,” என்றார் ஹெட்மாஸ்டர் சத்தியநேசன்.

மூக்குக்குச் சொந்தக்காரனான நாகேஸ்வரன் பஞ்சோடு நின்றான். உடைத்த வெங்கடகிருஷ்ணன் தகப்பனாருக்குப் பக்கத்தில், குனியாத தலையோடு நின்றான். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார் ஹெட்மாஸ்டர்.

பையனின் பெயரை வெட்டுவதா, பரீட்சை வரை விட்டுவைப்பதா? இன்றே முடிவாக வேண்டும்.

தகப்பனார் ராமசுப்ரமணிய ஐயர் சர்க்கார் கச்சேரியில் சூப்ரண்டு. காரணம் இல்லாத காகிதத்தைத் தொடாதவர். மகனின் முரட்டுத்தனத்துக்கும் காரணங்களோடுதான் வந்திருந்தார்.

வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். இடது கைக்கு வேறு ஜோலி இருந்தது.

பழவங்காடி ஹோட்டல் காபி, ஒன்று. ஃபுட்பால், இரண்டு.

பொன்முடி எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருக்கும் மச்சினன் லீவில் வந்தால், கூலிகளைத் திட்டும் பாஷையை வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறான். அது மூன்று.

நாலாவது, தாய்வழி ரத்தம். இதை மட்டும் பெருமூச்சோடு சொன்னார்.

ஹெட்மாஸ்டர் சீமையிலிருந்து ஒரு மனோதத்துவப் புத்தகம் வரவழைத்திருந்தார். நாற்பது பக்கம் வாசித்தாயிற்று. அபிப்பிராயம் முழுப் புத்தகத்துக்கும் இருந்தது. கழுத்தில் ஒரு சுரப்பி கெட்டால் பையன்கள் கை நீட்டுவார்கள் என்றார்.

சூப்ரண்டு ஐந்தாவது விரலை மடக்கினார்.

வீட்டில் அடி உண்டா என்று கேட்கச் சொல்லியிருந்தது புத்தகம். கேட்டார். வீட்டில் பிரம்பே கிடையாது என்றார் சூப்ரண்டு. உண்மைதான்.

கடைசியில், முறைக்காக, நாகேஸ்வரனிடமும் கேட்டார்கள்.

“அவன் குடுமி அவுந்து கிடந்தது, சார். முடிஞ்சு விடலாம்னு பின்னாலேந்து தொட்டேன். அவ்வளவுதான்.”

தொட்டதற்கா மூக்கை உடைப்பான்? பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுரப்பி உறுதியாயிற்று.

பெயர் தப்பியது. காபி நிறுத்தப்பட்டது.

நன்றி சொல்ல சூப்ரண்டுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. உள்ளே வந்ததிலிருந்து மகனின் குடுமியைச் சுற்றிப் பிடித்திருந்த இடது கையை விட்டார்; கும்பிட்டார்.

பையனின் தலை அப்போதுதான் குனிந்தது.

கும்பிட்டு முடிந்ததும் கை பழையபடி அவன் தலைக்குப் பின்னால் போயிற்று.

நாகேஸ்வரன் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி விலகி நின்றான்.