குறை எண் 214

'அம்மா கீழே விழுந்துவிட்டார்.'

மேசை மேலிருந்த போன் அதிர்ந்து இந்தச் செய்தியைக் காட்டியது. அவள் ஒரு நொடி பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கேளுங்க சார்," என்றாள்.

எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "எழுத்து பெரிசா இருந்துச்சு, நானும் படிச்சுட்டேன். நீங்க கிளம்புங்கம்மா. நேர்காணலை நாளைக்கு வச்சுக்கலாம்."

"வேணாம் சார். அம்மா இறந்து ரெண்டு மாசமாச்சு."

அவள் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "டெஸ்ட் டீம்ல யாரோ பழைய நம்பரை வச்சு சோதனை பண்றாங்க போல. அவங்களை அப்புறம் பாத்துக்கறேன்," என்று சிரிக்கப் பார்த்தாள்.

அவள் வேலை பார்க்கும் அந்த நிறுவனம் விற்பது வயதானவர்களுக்கான வாட்ச். கட்டியிருப்பவர் விழுந்தால் பிள்ளைகளின் போனுக்குத் தானாகவே செய்தி போகும். அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் உதவி கேட்டும் செய்தி போகும். அதைச் சொன்ன தேதியில் கடைக்குக் கொண்டுவந்தவள் இவள்தான்.

வடிவமைப்பவர், மென்பொருள் எழுதுபவர், தொழிற்சாலைக்காரர், விற்பவர் என்று ஆளுக்கொரு திசையில் இழுப்பவர்களை ஒரே தேதியில் கட்டிப்போடும் வேலை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளத்துக்கு நாலு பக்கம். பார்ப்பவர்களிடமெல்லாம் "எந்தத் தேதிக்குள்ள?" என்று கேட்டுக் கேட்டே, முதுகுக்குப் பின்னால் 'தேதியம்மா' என்று பெயர் வாங்கியிருந்தாள்.

பன்னிரண்டு வருட உழைப்பு. இன்றைக்குத் தேறிவிட்டால் நிறுவனத்தின் அத்தனை திட்டங்களுக்கும் அவள்தான் தலைவி.

விற்பனைக்கு வந்த முதல் வாட்ச்சை அவள் அம்மாவுக்குத்தான் கட்டிவிட்டாள். 'எம்பொண்ணு செஞ்சது' என்று வந்தவர் போனவருக்கெல்லாம் அம்மா கையை நீட்டிக் காட்டுவார். குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை.

தனியாக இருந்த நாளில் குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவை, வெளியூர் போயிருந்த தம்பி மறுநாள் வந்துதான் பார்த்தான். "விழுந்த நொடியிலேயே போயிருப்பாங்க. வலியே தெரிஞ்சிருக்காது," என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இந்த இரண்டு மாதமும் அவளால் தூங்க முடிந்தது. வாட்ச் அணைந்து கிடந்ததற்கு, அம்மா சார்ஜ் போட மறந்திருப்பார் என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"சரி, நீங்க எடுத்ததுலயே கஷ்டமான முடிவு எது?" என்று இயக்குநர் ஆரம்பித்தார்.

இந்தக் கேள்விக்குத்தான் ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருந்தாள். "குறை எண் 214 சார். விற்பனைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது டெஸ்ட் டீம் கண்டுபிடிச்சாங்க. குளியலறை மாதிரி சிக்னல் எட்டாத இடத்துல இருந்தா செய்தி வெளியே போகல. வாட்ச்சுக்குள்ளயே தங்கிடுது."

"அப்படியே தொலைஞ்சுடுமா?"

"தொலையாது சார், லேட்டாகும். சிக்னல் கிடைச்சதும் தானா போயிடும். சரிபண்ண ஆறு வாரம் கேட்டாங்க. குளியலறையில எவ்வளவு நேரம் இருந்துடப் போறாங்கன்னு கேட்டேன். 'அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்'னு எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். தேதி தப்பல."

போன் அதிர்ந்தது. உடனே மறுபடியும். நிற்காமல் அதிர்ந்து அதிர்ந்து மேசையில் மெல்ல நகர்ந்தது. அவள் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அம்மாவின் கையைப் பிடித்தால் இப்படித்தான் நடுங்கும்.

"இந்தக் குறையால ஏதாவது புகார் வந்துச்சா?" ஓரத்தில் இருந்த மனிதவளத்துறை அம்மாள் கேட்டார்.

"இதுவரைக்கும் ஒண்ணுகூட வரல மேடம்."

"முதல்ல அந்த போனை அணைச்சுடுங்களேன். எனக்கே என்னவோ போல இருக்கு."

அணைப்பதற்காகத் திருப்பினாள். ஒன்றன் கீழ் ஒன்றாகச் செய்திகள் நின்றன. 'அம்மா கீழே விழுந்துவிட்டார். காலை 7.12.' 'அம்மா உதவி கேட்கிறார். காலை 7.15.' அடுத்தது 7.40. பிறகு 9.05. பகல் 12.30. மொத்தம் பதினொரு தடவை உதவி கேட்டிருந்தார். கடைசி முறை மாலை 4.48.

எல்லாவற்றிலும் ஒரே தேதி. தேதியம்மா இந்த ஜென்மத்தில் மறக்க முடியாத தேதி.

அடியில் தம்பியின் செய்தி இருந்தது. 'அக்கா, ஆஸ்பத்திரியில கழட்டிக் குடுத்த அம்மா வாட்ச்சை இன்னைக்குத்தான் சார்ஜ்ல போட்டேன். உயிர் வந்துடுச்சு.'

அவள் கைக்குள் போன் இன்னொரு முறை நடுங்கி அடங்கியது. இயக்குநர் பேனாவை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"அப்ப, புகார் எதுவும் வரலன்னு எழுதிக்கலாமாம்மா?"

"இப்பதான் சார் வந்துட்டிருக்கு."