இறந்த தேதி

வக்கீல் அலுவலகக் கணினியில் இருந்த மனுக்கள் எல்லாவற்றிலும் தாக்கல் தேதி திறக்கும் நாளின் தேதியாகத் தானே மாறிக்கொள்ளட்டும் என்று, தட்டச்சு செய்யும் குமுதினி ஒரே கட்டளையில் தேதிக் குறியீடுகளைத் திருத்தி வைத்தாள். மறுநாள் அமலோற்பவம் வந்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனை இறந்தவராக அறிவிக்கக் கோரும் மனு அவளுடையது. கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளைப் படித்தவள் நிமிர்ந்தாள்.

“இன்னைக்கு இறந்துட்டாகன்னு போட்டிருக்கே.”

குமுதினி கோப்பைத் திறந்தாள். தாக்கல் தேதியோடு இறந்த தேதியும் மாறியிருந்தது. இறப்பு பற்றிய மற்ற மனுக்களையும் திறந்து பார்த்தாள். எல்லோரும் இன்றுதான் இறந்திருந்தார்கள். அவள் கொடுத்த கட்டளை தாக்கல் தேதியோடு நிற்காமல் எல்லாத் தேதிகளையும் பிடித்திருந்தது.

“தப்பாயிருச்சுக்கா. என்னைக்குத் திறந்தாலும் அன்னைக்குத் தேதியத்தான் காட்டும். சரியான தேதியச் சொல்லுங்க, மாத்திடுறேன்.”

“சரியான தேதி யாருக்குத் தெரியும்? முன்னாடி இருந்தது வக்கீலய்யா போட்ட தேதி.” அமலோற்பவம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப, நேத்து வரைக்கும் இருந்திருக்காகளா?”

குமுதினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

அமலோற்பவம் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். “இப்ப மாத்த வேணாம். நாளைக்கு வந்து பாக்குறேன்” என்றாள்.