பாலைவனத்துக்கு வாழைக்கன்று

"பாலைவனத்துல வாழையா? நல்லா இருக்கே முசே! ஒட்டகம் மேயறதுக்கா?"

கரியமாணிக்கம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து ரொம்ப நாளாகிவிட்டதால் அது அவருக்கே வேறு யாரோ சிரிப்பது போலக் கேட்டது. சைகோன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய செடிக் கடைக்கு இப்போதெல்லாம் வாங்க யாரும் வருவதில்லை. சண்டையில் தோற்ற பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல் ஏறுகிறவர்கள் வீட்டுப் பூந்தொட்டிகளைக் கொண்டுவந்து இவர் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

பிரெஞ்சு முறையில் அவர் மரியாதையாக 'முசே' என்று அழைத்த சண்முகவேல் எதிரே சிரிக்காமல் நின்றார். காரைக்கால்காரர். சைகோனிலேயே கான் ஹொய் துறைமுகச் சுங்கத்தில் குமாஸ்தா. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சொந்த ஊர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. பிழைக்க வந்த ஊரும் கைமாறிவிட்டது. பிரெஞ்சு சர்க்கார் அவரைச் செங்கடல் ஓரத்தில் ஜிபூட்டி என்ற துறைமுகத்துக்கு மாற்றியிருந்தது.

"அங்க வெறும் மணலும் உப்பும்தானாம் அண்ணே. அந்த எடத்துல, பார்த்தா சைகோன் மாதிரியே ஒரு தோட்டம் போடணும். முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"சம்சாரத்துக்காக. எப்ப மாத்தல் பேச்சு வந்தாலும், மணல்காட்டுல என்னைக் கொண்டுபோய்ப் போட்டுடாதீங்கம்பா. பச்சை இல்லாத எடத்துக்கு உன்னைக் கொண்டுபோக மாட்டேன்னு நானும் வாக்குக் குடுத்துட்டேன்."

"காரைக்கால் பொண்ணா?"

"இல்லண்ணே. லியென்னு பேரு. வடக்கே ஹனோய்ப் பக்கம்."

"தப்பா நினைக்காதீங்க முசே. நெறைய பேர் இங்கத்துப் பொண்டாட்டிய இங்கேயே விட்டுட்டுத்தான் கப்பல் ஏறுறாங்க."

"நான் விட்டுட்டுப் போகமாட்டேன். அவளுக்கு இங்க யாரு இருக்கா?" சண்முகவேலின் குரல் பிசிறியது.

கரியமாணிக்கம் கேலியை நிறுத்திக்கொண்டு ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

"சரி, கேட்டுக்குங்க. வாழைய எடுத்ததும் வைக்காதீங்க, கருகிடும். மொதல்ல பேரீச்சை. அது அந்த வெயிலுக்குப் பழகின மரம், தலையில வாங்கிக்கும். அதுக்குக் கீழ நெழல் விழுந்தப்புறம் வாழை. காத்து வர்ற பக்கம் அரளிய நெருக்கமா வையுங்க. தரை தெரியாம கல்வாழை. தூரத்துலேர்ந்து பார்த்தா சைகோன்தான்!"

"தண்ணி?"

"மேல ஊத்தினா மணல் குடிச்சிடும். வேர்ப்பக்கம் மண்பானையப் புதைச்சு நெறைச்சு வையுங்க. கசிஞ்சு கசிஞ்சு குடுக்கும்."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சண்முகவேல் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தயங்கினார்.

"நடுவுல அவளுக்குன்னு ஒரு சின்ன எடம் வேணும்ணே. அங்க மட்டும் ஈரம் ஏறக்கூடாது. ஒரு பொட்டு வெயிலும் விழக்கூடாது."

"ஏன், அம்மா கறுத்துடுவாங்களோ? சரியான பொண்டாட்டிதாசன்யா நீங்க!"

சண்முகவேல் முகம் வாடி, கீழே கிடந்த வாழைச் சருகை எடுத்து நீவிவிட்டார்.

நாக்கைக் கடித்துக்கொண்டார் கரியமாணிக்கம். அவருக்கும் மாயவரத்துப் பக்கம் ஒரு மனைவி இருந்தாள். அடுத்த வருஷம் வருகிறேன், அதற்கடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது. ஊருக்கெல்லாம் பூச்செடி விற்கிற மனிதருக்கு அவளுக்கு என்ன பூ பிடிக்கும் என்றுகூடத் தெரியாது. எதிரே இருந்தவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. தன்னை நினைக்க வெட்கமாக இருந்தது.

"அம்மாவுக்கு இதுல எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டார், தணிந்த குரலில்.

"வாழைதான். மழை பெய்யறப்ப எலைச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருப்பா. சோறு ஆறிப்போனாலும் எழுந்து வரமாட்டா."

"அங்க மழைக்கு எங்க போவீங்க?"

"என் பங்குக் குடிதண்ணியில மிச்சம் பிடிச்சு, சாயந்திரமா எலை மேல தெளிக்கிறேன்."

கரியமாணிக்கம் எழுந்து போய், யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த வாழைக்கன்றுகளைப் பக்குவமாகப் பெயர்த்தார். ஈரச் சாக்கில் சுற்றி, சணல் கட்டி, சண்முகவேலின் கையில் கொடுத்தார்.

"கல்வாழைக் கெழங்கு, அரளியெல்லாம் எடுத்து வைக்கிறேன். கப்பல் எப்ப?"

"நாளைக்குச் சாயந்திரம்."

"அப்ப காலையில அம்மாவையே கூட்டிட்டு வாங்க. அவங்க கையாலயே பொறுக்கி எடுத்துக்கட்டும். இப்படி ஒரு புருஷன் வாய்க்க எவ்வளவு குடுத்துவெச்சிருக்கணும்! அந்த மகராசிய நானும் ஒரு தடவை பார்த்துக்கறேன்."

சண்முகவேல் மூட்டையை மெதுவாகக் கீழே இறக்கிவைத்தார்.

"கடைத்தெருவுல வெடிச்ச குண்டுல அவ போய் மூணு வருஷம் ஆச்சுண்ணே. புதைச்ச எடத்தைத் தோண்டி எலும்பை எடுத்து, கழுவிப் பெட்டியில வைக்கிறது அவங்க பக்கத்து வழக்கம். நாளைக்கு விடியறதுக்குள்ள எடுத்தாதான் அவளையும் என்கூடக் கப்பல்ல கொண்டுபோய் அந்தத் தோட்டத்துல வைக்க முடியும். பெட்டியைப் பிடிச்சுக்க எனக்கு இந்த ஊர்ல வேற யாரும் இல்ல... நீங்க வர்றீங்களா?"