வக்கீலுக்குக் கொடுத்த அச்சாரம்

தோள்துண்டை மேசைமேல் விரித்துப்போட்டு, "கையைக் குடுங்க சார்" என்றார் மாட்டுத் தரகர் தம்பிதுரை.

வக்கீல் ஜேக் அவரைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். இரண்டிலும் சட்டப்பிரிவு எதுவும் தென்படவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த சென்னியம்மாளுக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆர்.எஸ்.புரத்தில், நகைக்கடைக்கு மேல்மாடியில், ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரியா பேசுவது?

ஆனால் அவள் தனியாக வந்தபோதெல்லாம் வக்கீல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். டீ நன்றாகத்தான் இருந்தது. கொடுத்த பணம்தான் திரும்பி வரவில்லை.

வளையலை அடகு வைத்து அச்சாரமாகக் கொடுத்த பணம். பொதுக்கிணற்றுத் தண்ணீரை மேலத்தோட்டத்துக்காரர் ஒருவரே இறைத்துக்கொள்கிறார், எனக்குப் பாகமில்லையா என்று வழக்குப் போடக் கொடுத்தது.

வழக்கு கோர்ட் வாசலை மிதிப்பதற்குள் மேலத்தோட்டத்து மோட்டார் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வெடுக்க ஆரம்பித்துவிட்டது. எப்படி என்று ஊருக்குள் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பஞ்சாயத்துக்கூட வைக்காமல் சமாதானமாகிப் போனால், அக்கம்பக்கத்தார் என்று நாங்கள் எதற்கு இருக்கிறோம்?

ஐப்பசியில் சென்னியம்மாளின் மகளுக்குக் கல்யாணம். வெறுங்கையோடு பந்தலில் நின்றால் சம்பந்தியம்மாளின் பார்வை நேரே மணிக்கட்டுக்குத்தான் போகும்.

"நோட்டீஸ் டைப் பண்ணியாச்சுங்கம்மா" என்று வக்கீல் பழைய பாட்டையே எடுத்தார். "அதுவும் வேலைதானுங்களே?"

"அனுப்புனீங்களா சார்?" என்றார் தம்பிதுரை.

"அதுக்குள்ள இவங்கதான் வேண்டாம்னுட்டாங்க."

"அப்பக் கயிறு மாத்தலீங்க. கயிறு மாத்தி மாட்டை ஓட்டிட்டுப் போனாத்தானுங்க யாவாரம். அதுவரைக்கும் மாடு உங்களுது, காசு அம்மணியுது. கையைக் குடுங்க."

எரிச்சலோ, ஆசையோ, வக்கீல் கையைக் கொடுத்துவிட்டார்.

துண்டு நெளிந்தது. வக்கீலின் முகம் முதலில் கோணியது, பிறகு கூச்சம் தாங்காமல் சிரித்தது. குமாஸ்தா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்களாக இருந்தால் உள்ளேயே வந்திருப்போம்.

"ஏனுங்க, வாயாலயே சொல்லிப்போடுங்க. எனக்கு இது வெளங்கலீங்க" என்றார் வக்கீல்.

"டைப் அடிச்ச கூலி உங்களுக்கு. மிச்சம் அம்மணிக்கு."

வக்கீல் யோசித்தார். கை இன்னும் துண்டுக்குள்தான் இருந்தது. தம்பிதுரை விடுகிற மாதிரித் தெரியவில்லை.

கடைசியில் இடது கையாலேயே மேசை டிராயரைத் திறந்தார்.

சென்னியம்மாள் பணத்தை எண்ணாமலே பைக்குள் வைத்தாள். ஏசிக் காற்று கண்ணில் பட்டுவிட்டது போலத் துடைத்துக்கொண்டாள்.

தம்பிதுரை எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஆனால் நகரவில்லை.

"கூலி குடுத்தாச்சில்லீங்க, அந்த நோட்டீசைக் குடுங்க."

"அது எதுக்குங்க உங்களுக்கு?"

"எம்மேல என்னென்ன எழுதியிருக்குதுன்னு ஊட்டுல போயி நிதானமாப் படிக்கோணும்."

ஃபைலில் இருந்து தாளை உருவிய வக்கீலின் கை பாதியில் நின்றது.

"மேலத்தோட்டம்... நீங்கதானுங்களா?"

தம்பிதுரை பதில் சொல்வதற்குள் சென்னியம்மாள் பாய்ந்து அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாங்கண்ணா! நான் கோவத்துல சொன்னதெல்லாம் இவரு அப்படியே எழுதிப்போட்டாருங்கண்ணா!"